கார் கண்ணாடி ஏற மறுக்கிறதா? கம்ப்யூட்டர் பாணியில் கண்டுபிடிக்கலாம்!

மவுஸ் திடீரென்று நகரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? உடனே கடைக்கு ஓடிப் புது கம்ப்யூட்டர் வாங்குவது இல்லை. முதலில் ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அடுத்து வேறொரு யுஎஸ்பி துளையில் மாட்டிப் பார்ப்பீர்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பக்கத்து வீட்டு மவுஸை வாங்கிவந்து மாட்டுவீர்கள். அது வேலை செய்தால் கோளாறு உங்கள் மவுஸில்தான். செலவே இல்லாத சோதனை முதலில், செலவு வைக்கும் சோதனை கடைசியில்.

இதே முறையில், வாசலில் நிற்கும் காரின் பவர் விண்டோ கோளாறையும் கண்டுபிடிக்கலாம். கம்ப்யூட்டரும் இதில் உங்களுக்கு உதவும். எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எங்கள் சேந்தமங்கலம் பக்கத்தில் இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. காரவள்ளியில் தொடங்கிக் கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஏறத் தொடங்குவோம். பாதி வளைவு தாண்டுவதற்குள் பனிமூட்டமும் தூறலும் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சொல்லவே வேண்டாம். அந்த நேரத்தில் டிரைவர் பக்கத்துக் கண்ணாடி ஏற மறுத்தால் சட்டை மட்டும் நனைவதில்லை. நான்கு கண்ணாடிகளுக்குமான சுவிட்சுகள் பெரும்பாலான கார்களில் அந்தக் கதவில்தான் இருக்கின்றன. அவையும் நனைகின்றன.

சுவிட்சில் தண்ணீர் போனால் என்ன ஆகும்?

2010ஆம் ஆண்டு ஜனவரியில் ஹோண்டா நிறுவனம் உலகம் முழுவதும் சுமார் 6,46,000 கார்களைத் திரும்ப அழைத்தது. டிரைவர் பக்க ஜன்னல் வழியாக வரும் தண்ணீர் பவர் விண்டோ சுவிட்சுக்குள் இறங்கி, ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கலாம் என்பதுதான் காரணம். அதற்கு முந்தைய ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஒரு ஹோண்டா ஜாஸ் காரில் தீப்பிடித்து ஒரு குழந்தை இறந்திருந்தது. இந்தியாவில் 2007இல் தயாரான ஹோண்டா சிட்டி கார்களில் 8,532 கார்கள் இந்த அழைப்பில் அடங்கின.

டொயோட்டா நிறுவனமும் 2012 அக்டோபரில் சுமார் 74 லட்சம் கார்களை இதே சுவிட்சுக்காகத் திரும்ப அழைத்தது. அங்கே கோளாறு வேறு. சுவிட்சுக்குள் கிரீஸ் சீராகப் பூசப்படவில்லை. அதனால் சுவிட்ச் பிசுக்கென்று ஒட்டியது. அப்போது அந்த நிறுவனம் ஒரு முக்கியமான எச்சரிக்கையையும் சொன்னது. சுவிட்ச் இறுக்கமாக இருக்கிறதே என்று கடையில் விற்கும் லூப்ரிகண்டை உள்ளே அடித்தால், சுவிட்ச் உருகிப் புகை வரலாம், தீயும் பிடிக்கலாம் என்றது. 2015 அக்டோபரிலும் பவர் விண்டோ சுவிட்சுக்காகவே சுமார் 65 லட்சம் கார்களை அது திரும்ப அழைத்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, கண்ணாடியைத் திறந்த நிலையிலேயே விட்டுவைத்து 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது. இரண்டு, சுவிட்சுக்குள் எண்ணெய், ஸ்ப்ரே எதையும் அடிக்கக் கூடாது.

உள்ளே என்ன இருக்கிறது?

கம்ப்யூட்டரில் கீபோர்டு, சிபியு, மானிட்டர் என்று பிரித்துப் பார்க்கிறோம் அல்லவா? பவர் விண்டோவையும் அப்படியே பிரித்துப் பார்க்கலாம்.

பேட்டரி: 12 வோல்ட் மின்சாரம் இங்கிருந்துதான் வருகிறது.

ஃப்யூஸ்: அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தன்னை எரித்துக்கொண்டு ஒயரைக் காப்பாற்றும். பவர் விண்டோவுக்குப் பெரும்பாலும் 20 அல்லது 30 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கும்.

சுவிட்ச்: டிரைவர் கதவில் இருப்பது மாஸ்டர் சுவிட்ச். மற்ற கதவுகளில் ஆளுக்கொரு சுவிட்ச்.

மோட்டார்: கதவுக்குள் இருக்கும் சிறிய டிசி மோட்டார். மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் கண்ணாடி ஏறும். பிளஸ், மைனஸ் இடம் மாறினால் இறங்கும். சுவிட்சின் வேலை இந்தத் திசையை மாற்றுவதுதான்.

ரெகுலேட்டர்: மோட்டாரின் சுழற்சியைக் கண்ணாடியின் ஏற்ற இறக்கமாக மாற்றும் பகுதி. உதிரிபாகக் கடையில் விண்டோ மிஷின் என்று கேட்டாலும் புரியும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கத்தரிக்கோல் போல விரிந்து சுருங்கும் இரும்புக் கை. இன்னொன்று உருளையில் சுற்றிய கம்பிக் கேபிள்.

புதிய கார்கள் சிலவற்றில் இன்னொரு பகுதியும் உண்டு. அவற்றில் சுவிட்ச் வழியாக மோட்டாருக்கான மின்சாரம் நேரடியாகப் போவதில்லை. கீபோர்டில் கீயை அழுத்தினால் கம்ப்யூட்டருக்குச் செய்தி மட்டும் போவது போல, சுவிட்ச் ஒரு சிக்னலை மட்டும் அனுப்பும். காரில் உள்ள சிறிய கம்ப்யூட்டர் அதைப் படித்து மோட்டாரை ஓட்டும். இப்படிப்பட்ட கார்களில் நம் வேலை கீழே உள்ள முதல் கட்ட சோதனைகளோடு முடிந்துவிடும். மீதியை ஸ்கேனர் கருவி உள்ள இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

முதல் கட்டம்: கருவி இல்லாத சோதனைகள்

இவற்றுக்கு ஸ்க்ரூ டிரைவர் கூடத் தேவையில்லை. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. பத்து நிமிடம் விடுங்கள். சுவிட்சை மீண்டும் மீண்டும் அழுத்தியிருந்தால் மோட்டார் சூடாகியிருக்கும். எரிந்துபோகாமல் இருக்க மோட்டாருக்குள்ளேயே ஒரு பாதுகாப்பு அமைப்பு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆறியதும் தானாகவே இணையும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து மீண்டும் போடுவது போலத்தான் இது.

2. லாக் பட்டனைப் பாருங்கள். பின் சீட்டுக் கண்ணாடிகள் மட்டும் வேலை செய்யவில்லையா? டிரைவர் கதவில் ஜன்னல் படம் போட்ட பட்டன் ஒன்று இருக்கும். குழந்தைகள் விளையாடாமல் இருக்க வைத்த லாக் அது. யாராவது கை தவறி அழுத்தியிருக்கலாம்.

3. எத்தனை கண்ணாடி? எல்லாக் கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால் நான்கு மோட்டார்களும் ஒன்றாகக் கெட்டுவிட்டன என்று பொருள் அல்ல. எல்லாவற்றுக்கும் பொதுவான ஃப்யூஸ் அல்லது ரிலேயைச் சந்தேகப்படுங்கள். ஒரு கண்ணாடி மட்டும் என்றால் கோளாறு பெரும்பாலும் அந்தக் கதவில் இருக்கும்.

4. இரண்டு சுவிட்சுகளிலும் அழுத்திப் பாருங்கள். இடது பக்கக் கண்ணாடியை அந்தக் கதவின் சுவிட்சிலும், டிரைவர் கதவு சுவிட்சிலும் சோதியுங்கள். ஒன்றில் வேலை செய்து மற்றதில் வேலை செய்யவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. கோளாறு சுவிட்சில் அல்லது அதன் ஒயரில். இங்கே ஒரு விஷயம். பல கார்களில் மற்ற கதவுகளுக்குப் போகும் மின்சாரம் டிரைவர் சுவிட்ச் வழியாகவே போகிறது. ஆகவே பின் கதவுக் கண்ணாடி நின்றுபோனதற்கு டிரைவர் கதவு சுவிட்சும் காரணமாக இருக்கலாம்.

5. உள் விளக்கைப் போட்டுக்கொண்டு அழுத்துங்கள். காரின் கூரை விளக்கைப் போடுங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, இன்ஜினை ஓட்டாமல், சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் மோட்டார் வரை மின்சாரம் போகிறது, ஆனால் மோட்டார் சுழல முடியாமல் திணறுகிறது என்று பொருள். மங்கவே இல்லை, சத்தமும் இல்லை என்றால் மின்சாரம் வழியிலேயே நின்றுவிடுகிறது, அல்லது மோட்டாருக்குள் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. எல்இடி விளக்கு உள்ள கார்களில் இந்த மங்கல் சரியாகத் தெரியாது.

6. காதை வைத்துக் கேளுங்கள். மோட்டார் ஓடும் சத்தம் வருகிறது, கண்ணாடி மட்டும் அசையவில்லையா? ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கண்ணாடியைப் பிடிக்கும் கிளிப் உடைந்திருக்கும். சுவிட்சையும் ஃப்யூஸையும் தொடவே வேண்டாம்.

நடுவழியில் கண்ணாடியை ஏற்றுவது எப்படி?

மழை வந்துவிட்டது, கண்ணாடி கீழேயே நிற்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். இன்ஜினை ஓடவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது மின் அழுத்தம் சுமார் 14 வோல்ட் வரை உயரும். இந்தக் கூடுதல் வேகம் சில நேரம் போதுமானது. சுவிட்சை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டே, கதவின் உட்பக்க அட்டையில் மோட்டார் இருக்கும் இடத்தருகே உள்ளங்கையால் தட்டுங்கள். மோட்டாருக்குள் தேய்ந்துபோன கார்பன் பிரஷ் இந்த அதிர்வில் மீண்டும் தொட்டுக்கொள்ளும். மோட்டார் சத்தம் கேட்டும் கண்ணாடி திணறினால், இன்னொருவர் கண்ணாடியின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து அழுத்தி மேலே தள்ளட்டும். கண்ணாடியின் மேல் விளிம்பில் விரல் வைக்கக் கூடாது.

ஏறிவிட்டால் மறுபடி இறக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மோட்டார் கொடுத்திருக்கும் கடைசி வாய்ப்பாக அது இருக்கலாம்.

கம்ப்யூட்டர் முன் உட்காருங்கள்

கதவைக் கழற்றும் முன் உங்கள் புது கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் செலவழியுங்கள். மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை, திரும்ப அழைக்கப்பட்ட காரா என்று பார்ப்பது. பல கார் நிறுவனங்களின் இணையதளங்களில் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் உங்கள் கார் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று காட்டும் பக்கம் உண்டு. ஆர்சி புத்தகத்தில் இருக்கும் அந்த 17 எழுத்து எண்ணை அப்படியே டைப் செய்யுங்கள். ஒரு குறிப்பு: இந்த 17 எழுத்து முறையில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்றும் வராது. ஆகவே ஓ போலத் தெரிவது பூஜ்யம்தான், ஐ போலத் தெரிவது ஒன்றுதான். பட்டியலில் உங்கள் கார் இருந்தால் வேறு எதையும் தொடாதீர்கள். அந்தப் பழுதை நிறுவனமே இலவசமாகச் சரிசெய்து தரும். இரண்டாவது கையாக வாங்கிய காருக்கும் இதைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் நிறுவனம் அனுப்பிய கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கலாம்.

இரண்டாவது வேலை, மேனுவலை இறக்குவது. தேடல் பெட்டியில் காரின் பெயர், மாடல், தயாரான ஆண்டு, அதோடு ஓனர்ஸ் மேனுவல் என்ற சொற்களை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். முடிவுகளில் கார் நிறுவனத்தின் சொந்தத் தளத்தை மட்டும் கிளிக் செய்யுங்கள். வேறு தளங்களில் பெரிய பச்சை நிற டவுன்லோட் பட்டன்கள் கண்ணைப் பறிக்கும். மேனுவல் என்பது பிடிஎஃப் ஃபைலாகத்தான் இருக்கும். இறங்கிய ஃபைலின் பெயர் டாட் இஎக்ஸ்இ என்று முடிந்தால் அதைத் திறக்காமல் அழித்துவிடுங்கள். அது புரோகிராம், பெரும்பாலும் வைரஸ்.

பிடிஎஃப் ஃபைலைத் திறந்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி எஃப் கீயை அழுத்துங்கள். தேடல் கட்டம் திறக்கும். அதில் ஃப்யூஸ் என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் முந்நூறு பக்கத்தையும் புரட்டாமல் அந்தப் பக்கத்துக்கே போய்விடலாம். பிறகு பவர் விண்டோ என்று தேடுங்கள். இந்த இரண்டு பக்கங்களையும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வேலை, உங்கள் மாடலின் கதவைக் கழற்றும் வீடியோவைப் பார்ப்பது. அமெரிக்க வீடியோவாக இருந்தால் அவர்கள் டிரைவர் பக்கம் என்று சொல்வது இடது பக்கம். நமக்கு வலது பக்கம். உதிரிபாகத்தை இணையத்தில் வாங்குபவர்கள் இதைக் கவனிக்காமல் பக்கம் மாற்றி ஆர்டர் செய்துவிடுகிறார்கள்.

இரண்டாம் கட்டம்: ஃப்யூஸ்

பிரிண்ட் எடுத்த பக்கத்தை வைத்துக்கொண்டு ஃப்யூஸ் பெட்டியைத் திறங்கள். சாவி ஆஃப் நிலையில் இருக்கட்டும். பவர் விண்டோ ஃப்யூஸை, பெட்டியிலேயே இருக்கும் பிளாஸ்டிக் இடுக்கியால் நேராக இழுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடுவில் உள்ள மெல்லிய கம்பி அறுந்திருப்பது தெரியும். அதே ஆம்பியர் உள்ள புதியதைப் போடுங்கள். தட்டையான சாதாரண ஃப்யூஸ்களில் மஞ்சள் 20 ஆம்பியர், பச்சை 30 ஆம்பியர். மேலே அச்சடித்த எண்ணையும் பார்த்துவிடுங்கள்.

20 இருந்த இடத்தில் 30 போடுவதோ, சிகரெட் அட்டைத் தாளைச் சுற்றிச் சொருகுவதோ வேண்டவே வேண்டாம். அப்புறம் ஃப்யூஸுக்குப் பதில் ஒயர் எரியும். புதிய ஃப்யூஸும் உடனே போய்விட்டால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

மூன்றாம் கட்டம்: கதவுக்குள்

கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குவது போல, இங்கே பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். கதவுகளிலும் ஏர்பேக் சென்சார் வைத்த கார்கள் உண்டு. கதவுக்குள் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அதைத் தொட வேண்டாம்.

கதவின் உட்பக்க அட்டைக்கு டோர் பேட் என்று பெயர். கைப்பிடிக்கு உள்ளேயும், சிறிய பிளாஸ்டிக் மூடிகளுக்குக் கீழேயும் ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும். அவற்றைக் கழற்றிய பிறகு, அடிப்பக்கத்திலிருந்து மெதுவாக இழுத்தால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடுபடும். பழைய காரில் ஒன்றிரண்டு கிளிப் உடையத்தான் செய்யும். நான்கைந்தை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுங்கள். மாட்டும்போது அதுதான் வழிகாட்டி.

டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். குப்பை என்று கிழித்துவிடாதீர்கள். கதவுக்குள் இறங்கும் மழை நீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். முழுதாக உரித்து, திரும்ப அப்படியே ஒட்ட வேண்டும்.

முதலில் கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயைப் பாருங்கள். ஒயர்கள் அதற்குள்தான் போகின்றன. கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி உள்ளே ஒயர் அறுந்துபோவது பழைய கார்களில் சகஜம். கதவை ஒரு குறிப்பிட்ட அளவு திறந்தால் மட்டும் கண்ணாடி வேலை செய்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், கோளாறு இங்கேதான்.

அடுத்து மல்டிமீட்டர். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். மோட்டாருக்கு இரண்டு ஒயர் மட்டும் போகும் கார்களில் இந்தச் சோதனையைச் செய்யலாம். மோட்டார் கனெக்டரைக் கழற்றி, ஒயர் பக்கத்துத் துளைகளில் மீட்டரின் இரு முனைகளையும் வையுங்கள். கழற்றிய சுவிட்சை அதன் கனெக்டரில் மாட்டி, பேட்டரியை இணைத்து, சாவியை ஆன் செய்து, ஒருவர் சுவிட்சை அழுத்தட்டும். ஏற்றும்போது 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டி, இறக்கும்போது அதே அளவு மைனஸ் குறியோடு காட்டினால் சுவிட்சும் ஒயரும் நல்லவை என்று பெரும்பாலும் நம்பலாம், மோட்டாரை மாற்ற வேண்டும். ஒரு திசையில் மட்டும் வந்தால் சுவிட்ச். எந்தத் திசையிலும் வரவில்லை என்றால் ஒயர் அல்லது சுவிட்ச்.

ரெகுலேட்டரையோ மோட்டாரையோ கழற்றும் முன் கண்ணாடியை மேலே தூக்கி, அகலமான டேப்பால் கதவு பிரேமோடு ஒட்டி நிறுத்துங்கள். கத்தரிக்கோல் வகை ரெகுலேட்டரில் பலமான ஸ்பிரிங் இருக்கும். மோட்டாரைத் தனியாகக் கழற்றினால் அந்த இரும்புக் கை சட்டென்று விசிறி விரலை நசுக்கிவிடும். அந்த வேலையைப் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள். லாரித் தொழில் நிறைந்த நாமக்கல் பக்கத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்குப் பஞ்சம் இல்லை. 'மோட்டாருக்கு 12 வோல்ட் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை' என்று நீங்கள் சொன்னாலே தேவையில்லாமல் சுவிட்சையும் சேர்த்து மாற்றும் செலவு மிச்சமாகும்.

மெதுவாக ஏறும் கண்ணாடி

மோட்டார் நன்றாக இருந்தும் கண்ணாடி தவழ்ந்து தவழ்ந்து ஏறினால் காரணம் பெரும்பாலும் தூசி. கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங்கில் மண் சேர்ந்து இறுகியிருக்கும். ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு சிலிகான் ஸ்ப்ரேயை பீடிங்கில் மட்டும் அடியுங்கள். இன்ஜின் ஆயிலும் கிரீஸும் ரப்பரை உப்ப வைக்கும், மேலும் தூசியைப் பிடித்து வைக்கும். சுவிட்ச் பக்கம் ஸ்ப்ரே தெறிக்காதபடி துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

பேட்டரியை மாட்டிய பின் ஆட்டோ வேலை செய்யவில்லையா?

பயப்படாதீர்கள். மதர்போர்டில் உள்ள சிறிய பட்டன் பேட்டரி தீர்ந்தால் கம்ப்யூட்டர் தேதியையும் நேரத்தையும் மறந்துவிடும் அல்லவா? அதேபோல, ஒரே அழுத்தில் முழுதாக ஏறும் கண்ணாடி, பேட்டரியைக் கழற்றியதும் தன் மேல் எல்லை எது என்பதை மறந்துவிடுவது உண்டு. பல கார்களில் சாவியை ஆன் செய்து, கண்ணாடியை முழுதாக ஏற்றி, சுவிட்சைச் சில நொடிகள் அப்படியே பிடித்திருந்தால் மீண்டும் கற்றுக்கொள்ளும். சரியான முறை உங்கள் மேனுவலில் இருக்கும்.

இதைச் செய்து முடிக்கும் வரை, தடை வந்தால் தானாக இறங்கும் பாதுகாப்பு வசதி வேலை செய்யாமல் இருக்கலாம். பழைய கார்கள் பலவற்றில் அந்த வசதியே கிடையாது. ஜன்னலில் தலையை நீட்டிய குழந்தையின் முழங்கால் சுவிட்சில் பட்டால் கண்ணாடி ஏறிவிடும். எனவே பழுது சரியானதும் முதல் காரியமாக லாக் பட்டனை அழுத்தி, பின் கண்ணாடிகள் அசையவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காரை விட்டு இறங்கும்போது சாவியையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.